ரெண்டு பெட்டரி, ஒரு மோட்டார்: ஹட்டனில் செய்துகொண்ட பெரலல் வேலை

மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே நான் பாண் விற்கக் கொண்டுபோகும் பாதையில் ஒரு ஏற்றம் இருக்கிறது. கோயிலைத் தாண்டித் திரும்பியதும் கொங்கிறீட் ரோடு நெட்டுக்கு ஏறும். போன வருஷம் டிசம்பரில் அடுத்தடுத்து மூன்று காலை என் எலக்ட்ரிக் சைக்கிள் அதே இடத்தில் நின்றது. சமதரையில் மீட்டர் 46 வோல்ட் காட்டும். ஏற்றத்தில் கையைத் திருகியதும் 44, 43 என்று விழுந்து, 41ஐத் தொட்டவுடன் மோட்டார் அடங்கிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடியும் 46. பெட்டரியில் சரக்கு இருக்கிறது, ஆனால் கேட்ட நேரத்தில் அள்ளிக் கொடுக்க அதற்குத் தெம்பு இல்லை.

அதற்காகத்தான் இரண்டாவது பெட்டரி போட்டேன். அதைச் செய்து கொடுத்த ஹட்டன் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைக்குப் பெயர்ப் பலகையும் கிடையாது. டவுனில் இறங்கி "டிவி, இன்வேர்ட்டர் திருத்துகிற அண்ணன், சைக்கிள் பெட்டரியும் பார்ப்பாரே" என்று ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் காட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

என் வேலை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விடியக்காலை நாலரைக்குத் தலவாக்கலையில் பேக்கரியில் சரக்கு எடுப்பேன். 40 இறாத்தல் பாண், அதற்கு மேலே பணிஸ், மாலுபாண். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் என்றால் பாண் மட்டும் 18 கிலோ, மற்றதெல்லாம் ஒரு 4 கிலோ. நான் 62 கிலோ. சைக்கிள், பின்னால் கட்டிய பெட்டியோடு 30. எல்லாம் சேர்த்து 114 கிலோ. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் அளவில் இருக்கிறது, நானுஓயா ஸ்டேஷன் 1,600க்கு மேல். அந்த இரண்டு உயரத்துக்கும் நடுவில்தான் என் வாடிக்கை லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எல்லாம். ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போவதற்கு முன்னால் பாண் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏழு மணிக்குப் போனால் வாங்குவதற்கு வீட்டில் ஆள் இருக்காது.

ஒரு காலையில் ஏறி இறங்கி மொத்தமாக 420 மீட்டர் அளவு மேலே ஏறுகிறேன். 114 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 130 வாட் அவர் வேண்டும். மோட்டாரிலும், அதற்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலரிலும் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் 190ஐத் தாண்டும். ரோட்டுப் பள்ளம், எதிர்க்காற்று, நாய் துரத்தும்போது வேகமாகப் போவது, அதெல்லாம் தனிக் கணக்கு. 31 கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்கு வரும்போது 450 வாட் அவருக்கு மேல் போயிருக்கும். என் பழைய பெட்டரி 48 வோல்ட், 10.4 ஏ.எச். (ஆம்பியர் அவர், பெட்டரி எவ்வளவு கொள்ளும் என்ற அளவு). புதிதாக இருந்த காலத்தில் அதில் 500 வாட் அவர் இருந்தது, இழுத்துப் பிடித்துக் காணும். மூன்று வருஷம் ஓடிய பிறகு போதவில்லை.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, எரிபொருள் பங்கீட்டு கியூஆரில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் என்று வந்தபோது பைக்கை விற்று இந்தச் சைக்கிளை வாங்கினேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அதற்கு முன்னால் ஆறு வருஷம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன வயரிங் கடையில் நின்றவன் நான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். ஆனால் 12 வோல்ட் லெட் அசிட் பெட்டரிப் பழக்கத்தை வைத்துக்கொண்டு லித்தியம் பெட்டரியிடம் போகக் கூடாது என்பதைச் செலவு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்தச் செலவையும் சொல்ல வேண்டும். ஹட்டனுக்குப் போவதற்கு முன்னால், ஜனவரியில், வேறொரு டவுனில் ஒரு கடையில் கேட்டேன். பெயர் வேண்டாம். "ரெண்டும் 48 தானே, வை கேபிள் போட்டா முடிஞ்சுது" என்றார்கள். இரண்டு பெட்டரியையும் ஒரே வயரில் சேர்க்கிற கவட்டை வயர்தான் அது. பாவித்த பெட்டரி ஒன்றை 28,000 ரூபாவுக்கு அவர்களே தந்தார்கள். நான் காலையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போன என் பெட்டரி 54.2 வோல்ட்டில் இருந்தது. அவர்களுடைய பெட்டரி, ஷெல்பில் எத்தனை மாதம் கிடந்ததோ, 45.8. சேர்ப்பதற்கு முன்னால் யாரும் அளக்கவில்லை. இந்த இரண்டு எண்ணும் பிறகு மீட்டரில் பார்த்து எழுதிக்கொண்டது. கனெக்டரைச் சொருகியதும் பட்டென்று ஒரு நீல வெளிச்சம். மஞ்சள் பிளாஸ்டிக் இளகி உள்ளே இருந்த பித்தளைக் குழாய் சாய்ந்துவிட்டது. ஒரு நிமிஷம் கழித்து அந்தப் பாவித்த பெட்டரியின் ஒரு மூலையிலிருந்து வார்னிஷ் கருகின வாடை. தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். தீ பிடிக்கவில்லை. அதன் பி.எம்.எஸ்., அதாவது பெட்டரிக்குள்ளே இருந்து செல்களைக் காவல் காக்கிற போர்ட், மட்டும் செத்துவிட்டது. காசு திரும்பி வரவில்லை.

என்ன நடந்தது என்பதை இரண்டு மாதம் கழித்து ஹட்டன் அண்ணன்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். சமாந்தர இணைப்பு என்று சாதாரண தரத்தில் விஞ்ஞானப் பாடத்தில் படித்தோமே, அதுதான் இது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். வோல்ட் ஏறாது, ஏ.எச். ஏறும். 48 வோல்ட் 10 ஏ.எச். இரண்டு சேர்ந்தால் 48 வோல்ட் 20 ஏ.எச். தொடராகப் போட்டால் வோல்ட் இரட்டிப்பாகும். முழு சார்ஜில் 109 வோல்ட் வரும், 48 வோல்ட் கன்ட்ரோலருக்குள் இருக்கும் 63 வோல்ட் கெப்பாசிட்டர்கள் வெடித்துவிடும். இதுவரைக்கும் எனக்கும் தெரியும். தெரியாதது, சேர்க்கிற அந்த ஒரு நொடியில் நடப்பது.

"மேல் லயத்து டாங்கியையும் கீழ் லயத்து டாங்கியையும் பைப்பால சேத்து கேட்வால்வ திறந்தா என்ன ஆகும் தம்பி? தண்ணி மட்டம் சரியாகுற வரைக்கும் பாயும். பைப் எவ்வளவு பெருசோ அவ்வளவு வேகமா பாயும். லித்தியத்துல பைப் ரொம்பப் பெருசு" என்றார்.

கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு பெட்டரிக்கும் நடுவில் 8.4 வோல்ட் வித்தியாசம். இரண்டின் உள் தடை, வயர், கனெக்டர் எல்லாம் சேர்த்தும் 0.3 ஓம் அளவுதான். வகுத்தால் 28 ஆம்பியர். அந்தப் பெட்டரி நாலு நாலு செல்லாகப் பெரலல் செய்தது, ஆக ஒரு செல்லுக்குள் 7 ஆம்பியர் பாய்ந்திருக்கிறது. சார்ஜர் வழியாக வந்திருந்தால் ஒரு செல்லுக்கு அரை ஆம்பியர்தான் போயிருக்கும். பி.எம்.எஸ். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். இப்படியான பெட்டரிகளில் சார்ஜ் வாசல் வேறு, மோட்டாருக்குப் போகிற வாசல் வேறு. உள்ளே வருகிற கரண்டைத் தடுக்கிற காவல் சார்ஜ் வாசலில்தான் நிற்கிறது. நாங்கள் மோட்டார் வாசல் வழியாக உள்ளே தள்ளினோம். வெளியே போகிறவர்களைச் சோதிக்கிற வாட்ச்சருக்கு உள்ளே வருகிறவர்களைப் பிடிக்கத் தெரியாது.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதல் நாள் போனபோது அவர் என் சைக்கிளைத் தொடவே இல்லை. புதிதாக வாங்க நினைத்த பெட்டரியைப் பற்றியும் பேசவில்லை. ஒரு பழைய கணக்குக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ பாரம், எந்த ஏற்றத்தில் நிற்கிறது, நிற்கும்போது மீட்டரில் எத்தனை வோல்ட், இரண்டு பெட்டரியும் எப்போதும் சைக்கிளில் இருக்குமா, ஒன்றைக் கழற்றிவிட்டும் ஓடுவேனா, எங்கே வைத்து சார்ஜ் பண்ணுவேன், வீடு லயமா தனி வீடா. கடைசிக் கேள்வியை வேறெந்தக் கடையிலும் என்னிடம் கேட்டதில்லை.

ஞாயிறில் பாண் கிடையாது, அன்றைக்கு ஒரு பெட்டரியோடு சும்மா டவுனுக்குப் போய் வருவேன் என்றேன். அந்தப் பதிலை வைத்தே மற்றதெல்லாம் தீர்மானமானது. இரண்டு பெட்டரியும் எப்போதும் பிரியாமல் ஒன்றாகவே இருக்கும் என்றால், ஒரு தரம் மட்டம் சரி பார்த்து நேராகச் சேர்த்துவிட்டு ஒரே பெட்டரி மாதிரி பாவிக்கலாம். கழற்றி மாட்டுகிறவனுக்கு அது ஆபத்து. ஞாயிறு ஓடிய பெட்டரி 47இல் இருக்கும், வீட்டில் இருந்தது 54இல் இருக்கும், திங்கள் விடியக்காலை தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் சொருகினால் பழைய கதைதான். அதனால் நடுவில் டயோட் மொடியூல், அதாவது கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற பாகம், போட வேண்டும் என்றார். இரண்டு பெட்டரியிலிருந்தும் மோட்டாருக்குக் கரண்ட் போகும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. மட்டம் கூடிய பெட்டரி முதலில் கொடுக்கும், இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் சேர்ந்து கொடுக்கும்.

சாதாரண ஷொட்கி டயோட் போட்டால் மலிவு. ஆனால் அதில் அரை வோல்ட் விழும். 15 ஆம்பியர் போனால் ஏழரை வாட் சும்மா சூடாகிப் போய்விடும், ஒரு பெரிய அலுமினியத் துண்டு வேண்டும் அதை ஆற்றுவதற்கு. அவர் போட்டது மொஸ்பெட் என்கிற டிரான்சிஸ்டர் வைத்துச் செய்த ஐடியல் டயோட் வகை. அதில் விழுவது பத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. விலை வித்தியாசம் 3,800 ரூபா. நான் யோசித்தேன். அவர் வற்புறுத்தவில்லை. "சூட்டுக்குக் குடுக்குற கரண்டும் உங்க காசுதான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு குறையும் உண்டு. இறக்கத்தில் மோட்டார் வழியாகத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற வகைச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு டயோட் அதை மறித்துவிடும். என்னுடையது கியர் உள்ள ஹப் மோட்டார், அதில் அந்த வசதி முதலிலேயே இல்லை.

அடுத்தது அளவெடுக்கிற வேலை. என் பழைய பெட்டரியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு அது பெரிய கஷ்டம், பெட்டரி இல்லையென்றால் பாண் இல்லை. ஒரு கிழமை மைத்துனரின் ஆட்டோவில் பங்குக்கு ஓட்டினேன். அவசரப்படுத்திப் பார்த்ததற்கு அவர் சொன்னது: "அவசரம்னா வேற கடை பாருங்க தம்பி. கோவிக்காதீங்க. நான் அளக்காம ஜாயின்ட் போட மாட்டேன்." அந்த நேரத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முதல் கடையில் அரை மணித்தியாலத்தில் முடித்துக்கொடுத்தார்கள் என்பது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஃபேன் வைத்த ஒரு சின்ன லோட் மீட்டரில் பூட்டி 3 ஆம்பியரில் முழுவதும் இறக்கிப் பார்த்திருக்கிறார். 10.4 ஏ.எச். என்று எழுதிய பெட்டரி 8.1 கொடுத்தது. பிறகு மூடியைத் திறந்து உள்ளே தொடராக இணைத்திருக்கும் 13 செல் வரிசையையும் ஒவ்வொன்றாக அளந்து கொப்பியில் எழுதியிருந்தார். எல்லாம் 0.02 வோல்ட்டுக்குள். "வயசு போயிருக்கு, வியாதி இல்ல. பக்கத்துல ஒரு இளசு நின்னா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றார். ஏதாவது ஒரு வரிசை இறங்கியிருந்தால் புதிய பெட்டரியோடு அதைச் சேர்க்கவே சம்மதித்திருக்க மாட்டாராம்.

புதிய பெட்டரியும் 13 வரிசை, அதே வகை லித்தியம், 13 ஏ.எச். ஏ.எச். வேறாக இருக்கலாம், வரிசை எண்ணிக்கையும் வகையும் வேறாக இருக்கக் கூடாது. இதை எல்லோரும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பெட்டிக்கு மேலே எழுதியிருக்கும் 48ஐ நம்ப முடியாது. நான் கடையில் நின்ற ஒரு நாள் நோர்வூட் பக்கமிருந்து ஒரு பொடியன் இரண்டு பெட்டரி கொண்டுவந்தான், இரண்டிலும் 48 என்றுதான் இருந்தது. ஒன்று என்னுடையதைப் போல 13 வரிசை, நிறைந்தால் 54.6. மற்றது லித்தியம் அயர்ன் பொஸ்பேட், 16 வரிசை, நிறைந்தால் 58.4. இரண்டையும் நேராகச் சேர்த்து 58.4 சார்ஜரைப் போட்டால் 13 வரிசைப் பெட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2ஐத் தாண்டி 4.5 பக்கம் போகும். அந்தப் பொடியனுக்கு அவர் அதை உட்கார வைத்து விளக்கிவிட்டு, காசு ஒன்றும் வாங்காமல் அனுப்பினார்.

இப்போது நான் மறக்காத காட்சி. மொடியூல் பூட்டுவதற்கு முன்னால் என்னை மேசைக்கு அருகில் கூப்பிட்டார். புதிய பெட்டரி பெட்டியிலிருந்து எடுத்தபடியே 48 வோல்ட்டில் இருந்தது. பழையதை 54.3க்கு ஏற்றி வைத்திருந்தார். இரண்டின் மைனஸையும் சேர்த்தார். பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் ஒரு பழைய ஆட்டோ ஹெட்லைட் பல்ப், 12 வோல்ட் 35 வாட். பல்பின் அடியில் ஈயம் வைத்து இரண்டு வயர் ஒட்டி, முனையில் முதலைக் கிளிப் போட்டிருந்தார். கடைசிக் கிளிப்பைக் கடிக்க விட்டதும் பல்ப் மஞ்சளாக எரிந்தது. மோட்டார் இல்லை, சார்ஜர் இல்லை, மேசையில் இரண்டு பெட்டரி மட்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரண்ட் பாய்வதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

"இது பல்ப் தாங்குற அளவுக்கு மட்டும் போகுது, ரெண்டு ஆம்பியர். பல்ப எடுத்துட்டு நேரா வச்சிருந்தா இருபதுக்கு மேல போயிருக்கும்" என்றார்.

தேத்தண்ணி வந்தது, குடித்தோம். பேசிக்கொண்டே இருந்தோம். பல்பின் மஞ்சள் சிவப்பாகி, உள்ளே கம்பி மட்டும் நெருப்புக்குச்சி அணையும்போது இருப்பது போலத் தெரிந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அதற்கு நல்ல நேரம் எடுத்தது. அணைந்த பிறகும் அவர் கிளிப்பைக் கழற்றவில்லை. மீட்டரை வைத்துக் காட்டினார், இன்னும் அரை வோல்ட் வித்தியாசம் இருந்தது. பல்ப் எரியவில்லை என்பதால் மட்டம் சரி என்று நினைக்கக் கூடாது, மீட்டர்தான் பேச வேண்டும். நேராகச் சேர்க்கிறவர்கள் இரண்டையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் ஏற்றி, சில மணித்தியாலம் ஆற விட்டு, அளந்து, பத்தில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் வந்த பிறகு சேர்க்க வேண்டும் என்பது அவருடைய முறை.

பூட்டிய வேலையும் சுத்தம். ஒவ்வொரு பெட்டரியின் பிளஸ்ஸிலும், பெட்டரிக்குக் கிட்ட, 25 ஆம்பியர் பியூஸ் ஒன்று. நான் பஞ்சிகாவத்தைப் பழக்கத்தில் கார் பிளேட் பியூஸ் ஹோல்டர் இரண்டு கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். அது 32 வோல்ட்டுக்குச் செய்தது. 54 வோல்ட் டீசியில் பியூஸ் கம்பி எரிந்தாலும் அந்த இடைவெளியில் தீப்பொறி பிடித்துக்கொண்டு கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கலாம். 80 வோல்ட் என்று எழுதிய பியூஸ் போட்டார். வயர் 4 சதுர மில்லிமீட்டர் சிலிக்கன் வயர். கன்ட்ரோலர் பக்கத்துக்கு எக்ஸ்.டி. 90 எஸ் கனெக்டர், உள்ளே சின்ன ரெசிஸ்டர் இருப்பதால் சொருகும்போது பொறி பறப்பதில்லை. என் வீட்டில் இப்போது அந்தப் பட்டென்ற சத்தத்தையே கேட்பதில்லை.

ஓட்டிப் பார்த்தது மார்ச் மாதம். அதே கோயில், அதே திருப்பம், அதே 40 இறாத்தல். முன்பு 46இல் வந்து நின்ற இடத்தில் மீட்டர் 50 காட்டியது. ஏற்றத்தில் திருகினேன். 48.5. மேட்டுக்கு ஏறி முடியும்வரை அதற்குக் கீழே இறங்கவில்லை. வோல்ட் விழுகிற கணக்கு இதுதான்: முன்பு 18 ஆம்பியரையும் ஒரே பெட்டரி கொடுத்தது, இப்போது இரண்டு பங்கு போட்டுக்கொள்கின்றன. கடையில் வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கிற கிளாம்ப் மீட்டரில் பார்த்தபோது பழையது 6 ஆம்பியர், புதியது 12. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. உள் தடை கூடிய பெட்டரி தானாகவே குறைவாகக் கொடுக்கிறது. பழைய பெட்டரிக்குத் தனியாக ஓடும்போது இருந்த பாரத்தில் மூன்றில் ஒன்றுதான் இப்போது, அதனால் சுற்று முடிந்து தொட்டுப் பார்த்தால் முன்னைப் போலச் சுடுவதில்லை.

வீட்டுக்கு வரும்போது மீட்டரில் 47க்கு மேல் இருக்கிறது. பெட்டரியை அடியோடு வற்ற விடுவதில்லை. மாலையில் பள்ளிக்கூடம் விட்ட நேரத்துக்கு பணிஸ் பெட்டியோடு கிட்டத்து லயங்களுக்கு இன்னொரு சுற்றும் போகிறேன். அந்த வருமானத்தை முன்பு நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. மொத்தம் 11 நாள் எடுத்தார், அன்றாடம் காய்ச்சுகிறவனுக்கு அது நீண்ட நாள். எப்போது முடியும் என்று முன்கூட்டியே ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் அதற்கேற்ற மாதிரி ஆயத்தம் செய்திருப்பேன். மொடியூல் பெட்டியை ஃபிரேமுக்குக் கீழே, முன் சில்லுக்கு நேராகப் பூட்டியிருந்தார். மே மாத மழையில் சில்லு அடித்த சேற்றுத் தண்ணீர் வயர் நுழைகிற ரப்பர் வழியாக உள்ளே போய்விட்டது. ஒன்றும் பழுதாகவில்லை, ஆனால் திறந்து பார்த்தபோது ஸ்குரூ முனையில் பச்சை பிடித்திருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டியை சீட்டுக்குக் கீழே மாற்றி, வயர்கள் கீழேயிருந்து நுழையும்படி வைத்து, காசு வாங்காமல் செய்து தந்தார். அந்த ஸ்குரூக்களைத் தோட்டத்து ரோட்டு அதிர்வு தளர்த்திவிடும், மாதம் ஒரு தடவை இறுக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தளர்ந்த முனை சூடாகும், சூடான முனை இன்னும் தளரும். பில் எழுதிக் கொடுக்கும் பழக்கமும் இல்லை. கேட்ட பிறகு கொப்பித் தாளில் பெட்டரிக்கு ஆறு மாத உத்தரவாதம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

செலவு: புதிய பெட்டரி 82,000, மொடியூல் 7,500, பியூஸ், வயர், கனெக்டர் எல்லாம் 5,200, கூலி 6,500. மொத்தம் 1,01,200 ரூபா. எனக்கு இது பெரிய தொகை. சீட்டு எடுத்துத்தான் கட்டினேன். கூலி மட்டும் பார்த்தால் அவர் செய்த வேலைக்குக் குறைவு என்றுதான் சொல்வேன்.

சார்ஜ் விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே கேட்டு நடக்கிறேன். ஒவ்வொரு பெட்டரிக்கும் அதனதன் சார்ஜர், அதனதன் சார்ஜ் வாசல். இரண்டையும் மோட்டார் வாசல் வழியாகச் சேர்த்து ஏற்றுவதில்லை. எங்கள் வீடு லயத்தில் நடு வீடு. இரண்டு பக்கமும் ஒரே சுவர், மேலே ஒரே தகரம். ஒரு வீட்டில் பிடித்தால் வரிசையே போகும், நான் சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறேன். அதனால் படுக்கிற அறையில் சார்ஜ் பண்ணுவதில்லை. இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) சீமெந்துத் தரையில், பக்கத்தில் துணியோ விறகோ இல்லாமல், எல்லோரும் விழித்திருக்கும்போது மாலை ஆறரைக்குப் போட்டு ஒன்பதரை பத்துக்குள் கழற்றிவிடுவேன். சூடாக வந்த பெட்டரியை உடனே சார்ஜில் போடாமல் ஆற விடுகிறேன். ஜனவரி, பெப்ரவரிக் குளிரில் மட்டும் சார்ஜ் கழற்றிய பெட்டரியை இரவில் வீட்டுக்குள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். குளிர்ந்த லித்தியத்தின் உள் தடை கூடும், விடியக்காலை முதல் ஏற்றத்திலேயே வோல்ட் கூடுதலாக விழும். போன டிசம்பரில் மூன்று நாளும் என் சைக்கிள் நின்றதில் அந்தக் குளிருக்கும் பங்கு உண்டு. அப்போதெல்லாம் சைக்கிளை வெளியே பெட்டரியோடு விட்டுவிடுவேன்.

அந்தக் கடைக்குப் போகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் சைக்கிள் எந்த இடத்தில் நிற்கிறது, அப்போது மீட்டரில் எத்தனை வோல்ட், என்ன பாரம் என்பதை இரண்டு மூன்று நாள் குறித்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். பெட்டரியோடு சார்ஜரையும் கொண்டுபோங்கள், சார்ஜரையும் அளந்து பார்ப்பார். ஞாயிறும் போயா நாளும் கடை இல்லை. சனிக்கிழமை கூட்டம் இருக்கும், செவ்வாய் புதன் நல்லது.

டிசம்பரில் பழைய பெட்டரியை மறுபடி அளப்பதற்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். 8.1 எவ்வளவுக்கு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு நாள் போதும் என்று இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டார். போயாவுக்கு முதல் நாள் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ஒரு பெட்டரியோடு கீழ் லயங்களுக்கு மட்டும் போய் வரலாம் என்று இருக்கிறேன்.